கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டால்: முதல் நிமிடத்திலிருந்து கடைசி செக்கப் வரை

பக்கத்தில் யாருக்காவது இப்போதுதான் கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டிருக்கிறது, அதற்காகத்தான் இதைத் திறந்தீர்கள் என்றால், மேற்கொண்டு படிக்காதீர்கள். குழாயடிக்கோ தண்ணீர் டிரம்முக்கோ கூட்டிக்கொண்டு போய், கண்ணைத் திறந்து பிடித்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குறைந்தது அரை மணி நேரம். இன்னொருவர் வண்டிக்கு ஏற்பாடு செய்யட்டும். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் மும்பையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். வீடு தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். நான் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்ப்பவள், பார்த்து முடித்தபின் வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்புபவள். அந்த இரண்டு இடத்திலும்தான் கண்கள் அதிகம் பாழாவதைப் பார்க்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. தம்பி மகனுக்கு அப்போது நான்கு வயது. ஆச்சியின் வெற்றிலைப் பையிலிருந்து சூனா பாக்கெட்டை எடுத்து, பல்லால் கடித்துக்கொண்டே அமுக்கியிருக்கிறான். பொத்தென்று வெடித்து முழுச் சுண்ணாம்பும் வலது கண்ணில். நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அது நடந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் ஒருவர் முந்தானையால் துடைத்திருக்கிறார், ஒருவர் வாயால் ஊதியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் நந்தியாவட்டைப் பூவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார், இன்னொருவர் தாய்ப்பால் விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் மட்டும் யாரும் ஊற்றவில்லை. டிரம்மில் விளிம்புவரை தண்ணீர் இருந்தது. ஏன் ஊற்றவில்லை என்று நான் கத்தியதற்குத் தம்பி மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்லா, மதினி!"

அவள் மேல் தப்பில்லை. ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க, சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதித்துப் பொங்கும் என்று பார்த்து வளர்ந்தவள். அந்தப் பயம் நம் வீடுகளில் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால் அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

கொதிப்பது நீர்க்காத கல் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுவது ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி நீர்த்த சுண்ணாம்பு. அது கொதித்து முடிந்துவிட்டது. இன்னொரு முறை தண்ணீர் பட்டால் கொதிக்காது. சரி, கட்டிட வேலையில் காய்ந்த சுண்ணாம்புத் தூளோ சிமென்ட்டோ விழுந்தால்? அப்போதும் தண்ணீர்தான். முகத்திலும் இமையிலும் ஒட்டியிருக்கும் தூளை முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட்டு, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றவேண்டும். கொஞ்சமாகத் தெளித்தால்தான் ஆபத்து, அது சூட்டைக் கிளப்பும். ஓடுகிற தண்ணீர் சூட்டையும் சுண்ணாம்பையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடும். தவிர, கண்ணில் ஏற்கெனவே கண்ணீர் இருக்கிறது. நீங்கள் ஊற்றாவிட்டாலும் சுண்ணாம்பு ஈரத்தில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஆசிடைவிடச் சுண்ணாம்பு ஏன் பொல்லாதது

ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம். சுண்ணாம்பு, துணி சோடா, வாஷ்பேசின் அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடா, அம்மோனியா, சிமென்ட் இவற்றைக் கண்டால் அந்தப் பயம் வருவதில்லை. கண்ணைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வகைக்குத்தான் கூடுதலாகப் பயப்படவேண்டும். பள்ளியில் இதைக் காரம் என்று படித்திருப்போம். மிளகாய்க் காரம் வேறு, இது வேறு. மிளகாய்ப்பொடி எரியும், அழவைக்கும், ஆனால் கருவிழியை உருக்காது.

ஆசிட் பட்டதும் கருவிழியின் மேல்தோலில் உள்ள புரதம், சூடான சட்டியில் முட்டை வெள்ளை போல, உறைந்து இறுகுகிறது. உறைந்த அந்த அடுக்கே ஒரு தடுப்பாகி, ஆசிட் மேலும் உள்ளே போவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. காரம் அப்படியில்லை. செல்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பை அது சோப்பாக மாற்றிவிடுகிறது. கொழுப்பும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சோப்பு காய்ச்சுவதைத் தாராவியில் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான் கண்ணுக்குள் நடக்கிறது. சவ்வு கரைந்ததும் காரம் அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. கடுமையான காரம் சில நிமிடங்களில் கருவிழியைத் தாண்டிக் கண்ணின் உள்ளறைக்கே போய்விடும். அம்மோனியா இன்னும் வேகம்.

அமிலமா காரமா என்று காட்டும் எண்தான் பி.ஹெச். கண்ணீரின் பி.ஹெச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கும். சுண்ணாம்புக் கரைசலின் அளவு 12-க்கு மேல். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்று கணக்கு வைத்துப் பாருங்கள்.

ஆசிடிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணாடி அரிக்கவும் உலோகத் துரு எடுக்கவும் பயன்படுத்தும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட், காரத்தைப் போலவே ஆழமாக இறங்கும். மற்றபடி வீட்டில் இருக்கும் கழிப்பறை ஆசிட், இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட் எதுவும் லேசானது இல்லை. செறிவு அதிகமாக இருந்து நேரமும் கடந்தால் எதுவும் கண்ணைப் பறிக்கும்.

முதல் அரை மணி நேரம்

தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். சலைன் தேடி மெடிக்கல் ஷாப்புக்கு ஓடவேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். நம் பகுதியில் குழாயில் எல்லா நேரமும் தண்ணீர் வராது, டிரம்மில் பிடித்து வைத்ததுதான் இருக்கும். அதுவும் போதும். குடிக்க வைத்த பிஸ்லெரி தண்ணீர் கைக்கு எட்டினால் அதுவும் சரி. சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் அதற்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாது. தொற்று வந்தால் மருந்து இருக்கிறது. கருவிழி வெந்தபின் போட அப்படி மருந்து இல்லை.

பட்ட கண் கீழே வருமாறு தலையைச் சாய்க்கவேண்டும். வலது கண்ணில் பட்டால் வலது காது தரையைப் பார்க்கட்டும். தண்ணீரை மூக்கின் பக்கத்திலிருந்து ஊற்றினால், அது கண் வழியாக ஓடிக் காதுப் பக்கமாக இறங்கும். மாற்றி ஊற்றினால் அந்த ரசாயனம் நல்ல கண்ணுக்குள் போகும். இரண்டு கண்ணிலும் பட்டிருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கின் மேட்டில் ஊற்றினால் இரண்டு பக்கமும் வழியும்.

கண் தானாகத் திறக்காது. இமை பூட்டுப் போட்டதுபோல இறுகிவிடும். மூடிய இமைக்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. பாதிப் பேர் செய்யும் தவறு இதுதான், முகம் கழுவியதையே கண் கழுவியதாக நினைத்துவிடுகிறார்கள். ஈரக்கை வழுக்கும். காய்ந்த துணியோ கைக்குட்டையோ விரலில் சுற்றிக்கொண்டு, மேல் இமையைப் புருவ எலும்போடும் கீழ் இமையைக் கன்ன எலும்போடும் சேர்த்துப் பிடியுங்கள். கண் உருண்டையை அழுத்தக்கூடாது. ஊற்றிக்கொண்டே "மேலே பார், கீழே பார், அந்தப் பக்கம் பார்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அப்போதுதான் மூலைமுடுக்கெல்லாம் கழுவும்.

தண்ணீர் சொம்பிலிருந்து நூல் பிடித்தாற்போல, நிற்காமல், நான்கைந்து விரல்கடை உயரத்திலிருந்து விழவேண்டும். பம்பு ஓஸ் வைத்து நேராக அடிக்கக்கூடாது. வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்கு 30 லிட்டர் ஆகும், அதாவது இரண்டு பக்கெட். ஒரு கை தண்ணீரில் முடிகிற வேலை இல்லை இது.

குழந்தை என்றால் தனியாளாக முயலாதீர்கள். படுக்கை விரிப்பைக் கழுத்திலிருந்து கால்வரை இறுக்கமாகச் சுற்றினால் கை வெளியே வராது. ஒருவர் மடியில் போட்டுத் தலையைப் பிடிக்கவேண்டும், ஒருவர் இமையைப் பிடிக்கவேண்டும், ஒருவர் ஊற்றவேண்டும். குழந்தை வீறிடும். மூச்சுமுட்டப் போகிறது என்று பெற்றவர்களுக்கு நெஞ்சு பதறும். தலை பக்கவாட்டில் சாய்ந்திருந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. அன்றைக்கு எங்கள் பையனை ஆச்சிதான் பிடித்துக்கொண்டார். "என் கண்ணுல்லா, என் ராசால்லா" என்று சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் பிடியை விடவில்லை.

சுண்ணாம்புக் கட்டியோ சிமென்ட் துகளோ கண்ணில் தெரிந்தால், நனைத்த காட்டன் பட்ஸால் மெதுவாக ஒற்றி எடுக்கலாம். எளிதில் வராததைச் சுரண்டவேண்டாம், அதன் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் பெரும்பாலும் தண்ணீரிலேயே மிதந்து வந்துவிடும். வராவிட்டால், சில நிமிடம் கழுவியபின் கழற்றிவிட்டுத் தொடருங்கள்.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக்கு எலுமிச்சைச் சாறு, ஆசிடுக்குச் சோடா என்று ஒன்றை ஒன்றால் முறிக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் சேரும்போது சூடு பிறக்கும், கண் இரண்டாவது முறை வேகும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் ரசாயனம் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பாலும் சாறும் விடுகிற நேரமெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கவேண்டிய நேரம். தேய்க்கக்கூடாது. பஞ்சு வைத்துக் கட்டக்கூடாது, கட்டினால் உள்ளே மிச்சமிருப்பது அங்கேயே தங்கிவிடும்.

வழியில்

அரை மணி நேரம் ஊற்றியதும், எரிச்சல் குறைந்தாலும் குறையாவிட்டாலும் கிளம்பவேண்டியதுதான். "இப்ப பரவாயில்ல, காலையில பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். 108-க்குக் கூப்பிடலாம். தாராவியிலிருந்து என்றால் லோகமான்ய திலக் மருத்துவமனை, நாம் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்வது, ஆட்டோவிலேயே போகிற தூரம்தான். பரேலில் இருக்கும் கே.இ.எம்., பைகுல்லாவில் இருக்கும் ஜே.ஜே. ஆகியவற்றிலும் கண் பிரிவு உண்டு. ஆனால் ஆட்டோ சயானையும் மாஹிமையும் தாண்டி நகரத்துக்குள் போகாது, டாக்ஸி பிடிக்கவேண்டும். எது பக்கமோ அதற்குப் போங்கள். நடுவில் சின்ன கிளினிக்கில் இறங்கி நேரம் கழிக்காதீர்கள்.

ஆட்டோவிலும் கழுவிக்கொண்டே போகலாம். தண்ணீர் பாட்டில் மூடியில் நான்கைந்து ஓட்டை போட்டால் கைக்கடக்கமான ஷவர். கண்ணில் பட்ட பொருளின் பாக்கெட்டையோ டப்பாவையோ பையில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் லேபிளை மொபைலில் படம் எடுங்கள். என்ன பட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்ற மூன்றும் டாக்டருக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுக்க வரிசை இருக்கும். நோயாளியை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் நோயாளியோடு நேராக கேஷுவல்டிக்குள் போகவேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மொழி ஒரு தடை. இந்தியில் "ஆங்க் மே சூனா கயா ஹை" என்று சொல்லலாம், மராத்தியில் "டோள்யாத் சுனா கேலா ஆஹே". சூனா இருக்கும் இடத்தில் ஆசிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். உரக்கச் சொல்லுங்கள். கண்ணில் கெமிக்கல் பட்டவரை உடனே கவனிக்கவேண்டும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் இவருக்குப் பட்டிருப்பது நீங்கள் சொன்னால்தான் தெரியவரும்.

உள்ளே என்ன நடக்கும்

முதலில் பார்வையைச் சோதிக்கமாட்டார்கள், மறுபடியும் கழுவத்தான் செய்வார்கள். "வீட்டிலேயே கழுவிட்டோமே" என்று மறுக்காதீர்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டபின் கண் எளிதாகத் திறக்கும், வீட்டில் முடியாததை அங்கே முடிக்கலாம். சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூப் வழியாக லிட்டர் கணக்கில் விடுவார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதை ஒரு சின்னக் காகிதம்தான் முடிவு செய்யும். கீழ் இமைக்குள் பி.ஹெச். காகிதத்தை வைத்து நிறம் பார்ப்பார்கள். கழுவி நிறுத்தி ஐந்து, பத்து நிமிடம் கழித்து 7 வந்தால் நல்லது. அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கவேண்டும். திசுவுக்குள் ஊறிய காரம் மெல்ல வெளியே கசியும், முதலில் சரியாக இருந்த அளவு மறுபடி ஏறும். ஏறினால் மறுபடி கழுவவேண்டும். கூட்ட நெரிசலில் இந்த இரண்டாவது சோதனை விட்டுப்போகலாம். "டாக்டர், பி.ஹெச். இன்னொரு தடவை பார்த்துடுறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சுண்ணாம்பு என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: மேல் இமையை இரண்டு மடிப்பாகத் திருப்பிப் பார்த்தாகிவிட்டதா? மேல் இமைக்கு அடியில் பை போல ஒரு மடிப்பு இருக்கிறது. சுண்ணாம்புத் துகள் அங்கே போய் ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். எங்கள் பையனுக்கு அரை மணி நேரம் கழுவியும் அந்த மடிப்பில் அரிசிக் குருணை அளவுக்கு மூன்று துகள் இருந்தன. ஈரப் பஞ்சால் எடுத்தார்கள். பிடிவாதமாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை இளக்க இ.டி.டி.ஏ. என்ற மருந்தில் நனைத்த பஞ்சையும் பயன்படுத்துவதுண்டு.

அதற்கப்புறம்தான் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் சோதனை. ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் தோலுரிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். கண் அழுத்தமும் பார்ப்பார்கள்.

சிவந்த கண்ணைவிட வெளுத்த கண் மோசம்

இதை என் அனுபவத்தில் யாரும் உடனே நம்பியதில்லை. கண் செக்கச்செவேல் என்று இருந்தால் பதறுகிறார்கள். பால் போல வெள்ளையாக இருந்தால் "தப்பிச்சோம்" என்கிறார்கள். உண்மை தலைகீழ்.

கருவிழியும் வெண்விழியும் சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது, அதன் பெயர் லிம்பஸ். கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிதாகப் போட்டுத் தரும் மூலச் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. நாற்றங்கால் மாதிரி. அங்கிருந்துதான் பயிர் வயலுக்கு வரும். அந்த வளையத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் உயிரோடு இருந்தால் கண் சிவக்கும். அவை வெந்து அடைத்துக்கொண்டால் ரத்தமே இல்லாமல் அந்த இடம் வெளுத்துப்போகும். நாற்றங்கால் கருகிவிட்டது என்று அர்த்தம்.

வலியும் அப்படியே. ஆழமாக வெந்த கருவிழியில் நரம்பும் செத்துவிடுவதால் வலி குறைவாகத்தான் தெரியும். கட்டிட வேலை பார்க்கும் விழுப்புரத்துக்காரர் ஒருவர், சுண்ணாம்பு விழுந்து மூன்று நாள் கழித்து எங்களிடம் வந்தார். "வலி இல்ல, செவப்பு இல்ல, பார்வை மட்டும் மங்கலா இருக்கு" என்றார். கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. முக்கால் வளையம் வெளுத்திருந்தது.

காயத்தின் தீவிரத்தை டாக்டர்கள் இந்த வளையத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். 1965-இல் வந்த ரோப்பர்-ஹால் முறையில் நான்கு நிலை. வளையம் வெளுக்கவேயில்லை என்றால் முதல் நிலை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக வெளுத்தால் இரண்டாம் நிலை, பாதிவரை என்றால் மூன்றாம் நிலை, பாதிக்கு மேல் என்றால் நான்கு. வளையத்தைக் கடிகார முகம் போலப் பாவித்து, எத்தனை மணி அளவுக்குக் கெட்டிருக்கிறது என்று எண்ணும் டுவா முறை 2001-இல் வந்தது. "எந்த கிரேடு?" என்று கேட்டுக் கேஸ் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறு டாக்டர் பார்க்கும்போது அந்த ஒரு எண் உதவும். முதல் நிலையில் பெரும்பாலும் சில நாளில் தோல் மூடி, பார்வை திரும்பிவிடும். இரண்டாம் நிலையிலும் நம்பிக்கை அதிகம். அதற்கு மேல் நீண்ட பயணம்.

மருந்துகள், ஒவ்வொன்றும் எதற்கு

சீட்டில் ஐந்தாறு மருந்து இருக்கும். எதற்கென்று தெரியாவிட்டால் பாதியை விட்டுவிடுவோம்.

ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, தோலுரிந்த இடத்தில் கிருமி ஏறாமலிருக்க. பாவையை விரிக்கும் மருந்து, உள் தசைப் பிடிப்பால் வரும் வலியைக் குறைக்க. இதைப் போட்டால் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும், பயப்படவேண்டாம். பதப்படுத்தும் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரை அடிக்கடி விடவேண்டும், அது புதுத் தோல் வழுக்கி நகர உதவும். கண் அழுத்தம் ஏறியிருந்தால் அதைக் குறைக்கச் சொட்டு மருந்தோ மாத்திரையோ தருவார்கள்.

வைட்டமின் சி ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கருவிழியின் உடல் கொலாஜன் நாரால் ஆனது. அறுந்த நாரைத் திரும்ப நெய்ய வைட்டமின் சி வேண்டும், காரத்தால் வெந்த கண்ணுக்குள் அது குறைந்துபோகிறது. அதனால் மாத்திரையாகவும் சில சமயம் சொட்டாகவும் கொடுக்கிறார்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை இங்கே கிருமிக்காகத் தருவதில்லை, அந்தக் கொலாஜனைத் தின்னும் நொதிகளை அடக்கத் தருகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது, கர்ப்பம் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். முதல் வாரம், பத்து நாள் அது மிகவும் தேவை, வீக்கத்தை அடக்கவில்லை என்றால் வீக்கமே கண்ணைக் கெடுக்கும். ஆனால் அதற்குப் பிறகும் மேல்தோல் மூடாமல் இருக்கும்போது அதைத் தொடர்ந்தால், கருவிழி மெலிந்து ஓட்டை விழும் அபாயம் இருக்கிறது. அதே மருந்து கண் அழுத்தத்தையும் ஏற்றும். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் சொல்லவேண்டும். "போட்டா நல்லா இருக்கு" என்று பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மரத்துப்போகும் சொட்டும் அப்படியே. வலிக்கிறதென்று வீட்டில் போட்டால் காயம் ஆறவே ஆறாது.

ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. கை கழுவிவிட்டுப் போடுங்கள், பாட்டில் நுனி இமையில் படக்கூடாது.

வெந்த இமையின் உட்புறமும் வெண்விழியும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். அதனால் மூன்றாம், நான்காம் நிலைக் காயங்களில் ஒவ்வொரு வருகையிலும் டாக்டர் கண்ணாடிக் கம்பியால் அந்த மடிப்பைத் தடவிப் பிரித்துவிடுவார். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைச் சுத்தப்படுத்திக் கண்ணின் மேல் போர்த்தித் தைப்பதும் உண்டு. சவ்வைப் போட்டால் வலி குறையும், தோல் அதன் மேல் படர்ந்து வளரும்.

வலி கூடுவது, பார்வை மேலும் மங்குவது, பீளை கட்டுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, திடீரென்று கண்ணிலிருந்து சூடான நீர் வழிவது, இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

பூ விழுந்த கண்ணுக்கு

நாற்றங்கால் கருகிய கண்ணில், தோல் போடக் கருவிழிக்கு ஆளில்லை. பக்கத்திலிருக்கும் வெண்விழிச் சவ்வு ரத்தக் குழாயோடு படர்ந்து மூடும். பூ விழுந்துவிட்டது என்று நாம் சொல்வதில் இதுவும் ஒரு வகை. "கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை மாற்றிவிடலாமே" என்று கேட்பார்கள். மாற்றினால் அந்தப் புதுக் கருவிழிக்கும் தோல் போட மூலச் செல் இல்லையே. அதுவும் மங்கிவிடும். முதலில் நாற்று நடவேண்டும்.

மறு கண் நன்றாக இருந்தால் அதன் லிம்பஸிலிருந்து செல்களை எடுத்து நடலாம் என்பதை 1989-இல் கென்யன், செங் என்ற டாக்டர்கள் இருவரும் காட்டினார்கள். 1997-இல் இத்தாலியில் பெல்லெக்ரினி குழு அந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து நட்டது. ஆனால் அதற்குச் செலவு எக்கச்சக்கம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் வீரேந்தர் சங்க்வான் குழு 2012-இல் வெளியிட்ட முறைதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது. நல்ல கண்ணிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வைப் பரப்பி, அதில் ஒட்டுகிறார்கள். ஆய்வகம் தேவையில்லை, செல்கள் கண்ணிலேயே வளர்கின்றன. ஸ்லெட் என்று பெயர். வீக்கம் முழுக்க அடங்கவேண்டும் என்பதால் பெரும்பாலும் மாதக்கணக்கில் காத்திருந்துதான் செய்வார்கள். அந்தக் காத்திருப்பில் மனம் உடைந்து செக்கப்பை விட்டுவிடாதீர்கள். காயம் ஆறியபின்னும் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி நரம்பைத் தின்னும், அது கெட்டால் எந்த நாற்றும் உதவாது. விழுப்புரத்துக்காரருக்கும் இதே சிகிச்சைக்குத்தான் பெயர் எழுதியிருக்கிறது. மாதம் ஒருமுறை தவறாமல் அழுத்தம் பார்க்க வருகிறார்.

யாராவது ஆசிட் வீசியிருந்தால்

முதலுதவி இதேதான், தண்ணீர். ஆசிட் ஊறிய துணியை உடனே கழற்றவேண்டும், தலைவழியே இழுக்காமல் கத்தரித்து எடுங்கள். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஆசிட் தாக்குதலுக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. முன்பணம் கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். போலீஸுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பும் மருத்துவமனைக்குத்தான்.

வீட்டிலும் பட்டறையிலும்

சூனா பாக்கெட் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது. பிளாஸ்டிக் உறை பிள்ளைக்கு மிட்டாய் மாதிரி தெரிகிறது, அமுக்கினால் நேராக முகத்தை நோக்கித்தான் பீறிடும். கழிப்பறை ஆசிடைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அதையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பிக் கண்ணையும் நெஞ்சையும் சேர்த்து எரிக்கும். அடைப்பு எடுக்கக் காஸ்டிக் சோடா கொட்டிவிட்டுக் குனிந்து பார்க்காதீர்கள்.

தாராவியின் தேரா கம்பவுண்டில் கெமிக்கல் டிரம் கழுவும் அண்ணன்மார்களுக்கும், தோல் வேலை, பேட்டரி வேலை, பெயின்ட் வேலை செய்பவர்களுக்கும் நான் கேட்பது இரண்டே. பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி போடுங்கள், சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. வேலை செய்யும் இடத்திலிருந்து பத்தே எட்டில், எப்போதும் நிரம்பியிருக்கிற ஒரு தண்ணீர் டிரம்மும் சொம்பும் வையுங்கள். கெமிக்கல் இருந்த பழைய டிரம்மில் அந்தத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். கண் மூடிய நிலையில் அங்கே நடந்துபோக முடிகிறதா என்று ஒரு நாள் நடந்து பாருங்கள்.

எங்கள் பையனுக்கு இரண்டாம் நிலைக் காயம். பதினாறு நாளில் தோல் மூடியது. கருவிழியின் ஓரத்தில் மெல்லிய வடு மட்டும் தங்கிவிட்டது, பார்வைக்குக் குறுக்கே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே அழுத்தம் பார்க்கிறேன். ஆச்சி வெற்றிலையை விடவில்லை. பாக்கெட்டை மட்டும் நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து பழைய பித்தளைக் கரண்டகத்தை வரவழைத்துக்கொண்டார். அது திருகுமூடி போட்டு, சாமி படத்துக்கு மேலே உள்ள பரணில் இருக்கிறது.